இரவல் கொடுத்த கார்டு

அந்த வருஷம் தெருவில் இருந்த பெண்களுக்கெல்லாம் போனில் அழைப்பு வந்தது. முப்பத்தைந்து வயது தாண்டியவர்கள் சுகாதார நிலையத்துக்கு வந்து கர்ப்பப்பை வாயில் ஒரு சின்னப் பரிசோதனை செய்துகொள்ளலாம், காசு கிடையாது, புற்று இருந்தால் முளையிலேயே பிடித்துவிடலாம் என்று புதுக் காப்பீட்டுத் திட்டம் பணிவோடு கேட்டுக்கொண்டது. மாடி வீட்டு டீச்சருக்கு வந்தது. ரொட்டிக்கடைக்காரர் பெண்டாட்டிக்கு வந்தது. கோடி வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேச்சை நிறுத்தியிருந்த மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே நேரத்தில் வந்து, இரண்டு போனும் ஒரே சமையலறையில் சேர்ந்து கிணுகிணுத்தன. பிஸ்கட்டக்காவுக்கு மட்டும் வரவில்லை.

பிஸ்கட்டக்காவுக்கு இருபது வருஷத்துக்கு மேலாக பிஸ்கட் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை. உடைந்து போன பிஸ்கட்டுகளைக் கம்பெனி சும்மா கொடுக்கும். அவள் அதைப் பை பையாகக் கொண்டுவந்து தெருவுக்குப் பங்கு வைப்பாள். பிடித்தவர்களுக்கு க்ரீம் வைத்தது, கோபம் இருந்தால் வெறும் மாவு பிஸ்கட். பையைப் பிரித்துப் பார்த்தாலே அந்த வாரம் அக்காவிடம் நம் மரியாதை எந்த மட்டில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அவளுக்கு அழைப்பு வராததற்குத் தெரு பல காரணங்கள் கண்டுபிடித்தது. வயசைக் குறைத்துக் கொடுத்திருப்பாள் என்றார் டீச்சர். அவள் வாய்க்குக் கம்ப்யூட்டரே பயப்படுகிறது என்றாள் ரொட்டிக்கடைக்காரர் பெண்டாட்டி, மாவு பிஸ்கட்காரி.

"எனக்கு ஒண்ணும் வராதுன்னு கம்ப்யூட்டருக்கே தெரியுது. உங்களையெல்லாம் பார்த்தாத்தான் அதுக்குச் சந்தேகமா இருக்கு போல" என்றாள் பிஸ்கட்டக்கா. எல்லோரும் சிரித்தார்கள். தலைவாரி, நல்ல செருப்பு போட்டுக்கொண்டு, கூட்டமாகப் பரிசோதனைக்குக் கிளம்பிப் போனார்கள். அவள் வாசலில் நின்று கையாட்டினாள். உள்ளே வந்ததும் சிரிப்பைக் கழற்றி வைத்தாள். காரணம் அவளுக்குத் தெரியும். அவள் புருஷனுக்கும் நாத்தனாருக்கும் தெரியும். யார் வீட்டில் எந்தச் சட்டி கருகியது என்று வாசனையிலேயே சொல்லிவிடும் அந்தத் தெருவுக்குத் தெரியாது. அது தெருவுக்கு இன்றைக்கும் தீராத அவமானம்.

விஷயம் இதுதான். அரசாங்கக் கோப்பின்படி பிஸ்கட்டக்காவுக்குக் கர்ப்பப்பை கிடையாது. அறுவை செய்து எடுத்தாகிவிட்டது.

புதுத் திட்டம் வருவதற்கு முன்னால் காப்பீட்டுக் கார்டு என்பது சம்பளக்காரர்களுக்கு மட்டும். கம்பெனியில் வேலை இருந்தால் கார்டு, இல்லையென்றால் கடவுள். கட்டிய புருஷனுக்கு அந்தக் கார்டில் இடம் உண்டு. புருஷனின் தங்கைக்குக் கிடையாது. அந்தத் தங்கைதான் தையல்காரி. அவளைக் கட்டியவன் வெளியூரில் வேலை என்று போனான், போனவன்தான். அவள் மெஷினைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள். பேன்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவது, இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பது. தெருவில் யார் இடுப்பு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டாள். அந்த ஒரு குணத்தினால் தெருவில் அவளை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது.

அவளுக்குத்தான் கட்டி வந்தது. மாதக்கணக்கில் ரத்தப்போக்கு. நாற்காலியில் மெழுகுத்துணி போட்டு உட்கார்ந்து தைத்தாள். முகம் தைக்கிற நூலை விட வெளுத்துப் போயிற்று. கர்ப்பப்பையை எடுத்தால்தான் பிழைப்பாள் என்றார் இலவச மருந்தகத்து டாக்டர். எடுக்கிற இடத்தில் கார்டு கேட்டார்கள்.

யோசனை பிஸ்கட்டக்காவுடையது. அதை அவள் கடைசி வரை யார் தலையிலும் கட்டவில்லை.

"என் கார்டு சும்மாதானே கிடக்குது? எனக்கு ஒரு தலைவலி கூட வர மாட்டேங்குது. எடுத்துட்டுப் போய்ப் படுத்துட்டு வா."

"மாட்டிக்கிட்டா, அண்ணி?"

"எப்படி மாட்டுவ? போட்டோல இருக்கிறது நானா தலையணையான்னு எனக்கே தெரியலை. என் பொறந்த தேதியை மட்டும் உருப்போடு. எங்கப்பா பேரையும். கேட்டா முழிக்காதே."

வேன்காரர் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிஸ்கட்டக்காவின் புருஷன், தையல்காரியின் அண்ணன், பால் கம்பெனிக்கு வாடகை வேன் ஓட்டுகிறவர். "நான் எதையும் கேக்கலை" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார். குடும்ப விவகாரம் எதிலும் அவருடைய முடிந்த முடிவு அதுதான்.

ஆஸ்பத்திரியில் தையல்காரி அண்ணியின் பெயரில் படுத்தாள். பார்க்கப் போன அண்ணி, நாத்தனார் ஆனாள். ஒருநாள் நர்ஸ் வாசலில் நின்று பெயரைக் கூப்பிட்டதும் கட்டிலில் இருந்தவளும் ஸ்டூலில் இருந்தவளும் ஒரே குரலில் "இங்க இருக்கேன்" என்றார்கள். நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்களுக்குள்ள அவ்வளவு ஒத்துமை, சிஸ்டர்" என்றாள் பிஸ்கட்டக்கா. நர்ஸ் போனதும் தையல்காரி, "சிரிக்க வைக்காதீங்க அண்ணி, தையல் பிரிஞ்சிடும்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் கார்டு கம்பெனியோடு சேர்ந்தது. தன் ஆள் ஒருத்தி அறுவைக்குப் போயிருக்கிறாள் என்ற செய்தி கம்பெனிக்குத் தானாகப் போய்விட்டது. ஆகவே கல் மாதிரி இருந்த பிஸ்கட்டக்கா லீவு போட்டு, திரையை இழுத்துவிட்டு, வீட்டுக்குள் கிடக்க வேண்டியதாயிற்று. சூப்பர்வைசர் ஆப்பிளோடு பார்க்க வந்தார். அவள் போர்வைக்குள் வயிற்றின் மேல் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு முனகினாள். முனகல் கொஞ்சம் அதிகமாகப் போய், சூப்பர்வைசர் கண் கலங்கிவிட்டார். அவள் வேலைக்குத் திரும்பிப் போனபோது பெல்ட்டில் நிற்கிற வேலையை எடுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து லேபிள் ஒட்டும் வேலையாகக் கொடுத்தார். அக்கா அதையும் ராணி மாதிரி வாங்கிக்கொண்டாள்.

வினை எங்கே தொடங்கியது என்று பார்த்தால், அங்கேதான். கம்பெனியில் எல்லோருக்கும் அவள் கர்ப்பப்பை இல்லாதவள். உண்மையில் அவளுக்கு மாதவிலக்கு நிற்க இன்னும் வருஷங்கள் இருந்தன. பேக்கிங் பிரிவில் கோட்டு வெள்ளை. வலிக்கிறது என்று சொல்ல முடியாது. முதலுதவிப் பெட்டியில் நாப்கின் கேட்க முடியாது. பக்கத்து மேஜைப் பெண்கள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனியும்போது, "அக்காவுக்கு என்ன கவலை, எல்லாத்தையும் தூக்கிப் போட்டாச்சு" என்பார்கள். "பின்னே? நிம்மதி!" என்பாள், தனக்கும் இழுத்துப் பிடிக்கிற வயிற்றோடு. கோட்டுக்கு அடியில் இரண்டு உள்பாவாடை கட்டினாள். தையல்காரி அவற்றில் ஒன்றுக்கு மெழுகுத்துணியில் உள்பக்கம் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். சொட்டுக் கறை வெளியே வந்ததில்லை. ரத்தத்தை மறைப்பதில் அந்தத் தெருவிலேயே அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதை யாரிடமும் பீற்றிக்கொள்ள முடியாமல் போனதுதான் குறை.

பிறகு புதுத் திட்டம் வந்தது. குறை சொல்லக் கூடாது, நல்ல திட்டம். கூலிக்காரர், தையல்காரர், வேன் ஓட்டுகிறவர் எல்லோருக்கும் கார்டு. இனி கடன் வாங்கி வைத்தியம் இல்லை என்று தெருவே கொண்டாடியது. கூடவே இன்னொரு ஏற்பாடும் வந்தது. ஒரு ஆளுக்கு ஒரு கோப்பு. எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் காலத்தில் என்ன செய்திருந்தாலும் அத்தனையும் ஒரே இடத்தில். பெருவிரலை வைத்தால் உங்கள் ஜாதகம் முழுக்கத் திரையில் விரியும்.

தையல்காரிக்கும் பெருவிரல் வைத்து கார்டு வந்தது. பரிசோதனைக்கு அழைப்பும் வந்தது. கர்ப்பப்பை இல்லாதவளைக் கூப்பிட்டார்கள், இருப்பவளைக் கூப்பிடவில்லை. பின்னறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இது உங்களுக்கு வர வேண்டியது, அண்ணி. எடுத்துட்டு நீங்க போங்க."

"பெருவிரலை யாரு வெட்டிக் குடுப்பா? விடு. நமக்கு அதெல்லாம் வராது."

அடுத்த தடவையும் வந்தது. அதற்கடுத்த தடவையும். தையல்காரி ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தாள். ரொட்டிக்கடைக்காரர் பெண்டாட்டிக்கு ஒரு பரிசோதனையில் என்னவோ இருந்து, அங்கேயே சுரண்டி எடுத்து, மாலைக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அவள் கடையில் நின்று சில்லறை பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிஸ்கட்டக்கா அன்றைக்கு அவளுக்கு க்ரீம் பிஸ்கட் அனுப்பினாள்.

மாதவிலக்கு நின்று வெகு காலம் கழித்து ஒருநாள் பிஸ்கட்டக்காவுக்கு மறுபடி ரத்தம் கண்டது. பயந்திருக்க வேண்டும். பழக்கம் பயத்தை முந்திக்கொண்டது. பெட்டியின் அடியிலிருந்து பழைய உள்பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். மாதங்கள் போயின. இடுப்பு விட்டுப் போகிற மாதிரி வலித்தது. இளைத்தாள். "டயட்டா அக்கா?" என்று கேட்டவர்களுக்கு ஆமாம் என்றாள். ஒரு பகலில் லேபிள் மேஜையிலிருந்து எழுந்தவள், எழுந்த வேகத்திலேயே பிஸ்கட் பெட்டிகள் மேல் சாய்ந்தாள். வெள்ளைக் கோட்டில் முதல் தடவையாகக் கறை தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். பெருவிரல் வைத்ததும் திரையைப் படித்தாள்.

"கர்ப்பப்பை எடுத்தாச்சு, இல்லையாம்மா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பின்னால் வேன்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் கம்பெனி சூப்பர்வைசர், பதறிப்போய்க் கூடவே வந்த மனிதர், ஆப்பிள் கொடுத்தவர், நின்றார்.

"ஆமா டாக்டர்" என்றாள்.

"அப்ப ரத்தம் சிறுநீர்ப் பாதையில இருந்துதான் வரணும்" என்று அந்தப் பெண் தன் படிப்புப்படி சரியான முடிவுக்கு வந்து, சிறுநீர்ப் பிரிவுக்கு எழுதினாள். அங்கே குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. குடல் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் ஒரு குழாய், அங்கேயும் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் நாள் வாங்கிக் காத்திருந்ததில் இன்னும் எடை இறங்கியது. கடைசியில் ஸ்கேன் அறைக்கு வந்தாள். ஸ்கேன் எடுப்பவர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வயிற்றில் கருவியை ஓட்டினார். பாட்டு நின்றது.

"ஏம்மா, இது உங்க கார்டுதானா?"

"ஆமா."

"இல்லையே. இந்த ஆளுக்குக் கர்ப்பப்பை கிடையாது. உங்களுக்கு இருக்கு. யாரு கார்டைத் தூக்கிட்டு வந்தீங்க? இப்படித்தான் ஒருத்தர் கார்டுல இன்னொருத்தர் வந்து படுத்துக்கிறீங்க."

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தன் கார்டில், தன் உடம்போடு, தானே வந்து படுத்தவளுக்குக் கிடைத்த பாராட்டு அது. பெருவிரலை மறுபடி வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். ஆள் அவள்தான். அப்படியானால் கோப்பு பொய். ஸ்கேன்காரர் எழுந்து போய் யாரையோ கூட்டிவந்தார், அவர் இன்னொருவரைக் கூட்டிவந்தார். திரையில் அவளுடைய கர்ப்பப்பையைப் பார்க்க அன்றைக்குக் கூட்டம். அதன் வாயில் ஏதோ வளர்ந்திருக்கிறது என்று ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னார். இன்னொருவர், "அது இருக்கட்டும், முதல்ல விசாரணைப் பிரிவுக்கு அனுப்புங்க" என்றார்.

விசாரணைப் பிரிவில் ஒரு அதிகாரி. பேனா மூடியை மென்றுகொண்டே பேசுவார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார்.

"அப்ப கார்டு தொலைஞ்சு போச்சு சார்" என்றாள் பிஸ்கட்டக்கா. வழியெல்லாம் யோசித்து வைத்த பொய். "யாரோ எடுத்துப் போய் ஆபரேஷன் பண்ணியிருக்காங்க."

அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார். "தொலைஞ்ச கார்டுக்கு நீங்க எதுக்கும்மா ஆபரேஷன் லீவு எடுத்தீங்க? சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்து பார்த்தேன்னு எழுதிக் குடுத்திருக்கார். 'மிகுந்த வேதனையில் இருந்தார்'னு எழுதியிருக்கார். லேசான வேலை குடுத்திருக்காங்க."

தலையணை நினைவுக்கு வந்தது. கொஞ்சம் குறைவாக முனகியிருக்கலாம்.

"சரி சார். நான்தான் குடுத்தேன்."

"யாருக்கு?"

அவள் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"பேரு சொல்லாட்டி நான் கோப்பைத் திருத்த முடியாது. இல்லாத உறுப்புக்கு வைத்தியம்னு பில் போட்டா திட்டம் ஒரு பைசா தராது. அந்த ஆள் நேர்ல வந்து, எனக்குத்தான் எடுத்தாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அவங்களையும் ஸ்கேன் பார்ப்போம். இல்லைன்னு தெரிஞ்சா உங்களுக்கு இருக்குன்னு எழுதிடுவேன். அன்னைக்கே வைத்தியம் தொடங்கும். உங்களைப் பொறுத்த வரைக்கும் எச்சரிக்கையோட விட்டுடலாம், உடம்பு இப்படி இருக்கு."

"அந்த ஆளுக்கு?"

"கார்டு நிறுத்தம். மூணு வருஷம்." மூடியை வாயிலிருந்து எடுத்தார். "சீக்கிரம் கூட்டிட்டு வாங்கம்மா. நான் டாக்டர் இல்லை. ஆனா அந்த ஸ்கேனைப் பார்த்தவங்க முகத்தைப் பார்த்தேன்."

வெளியே பணம் கட்டி வைத்தியம் பார்க்கலாமே என்று கேட்கலாம். வேன்காரரும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் போய் விசாரித்தார். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, வண்டியில் சாவியைப் போட மறந்து வெகு நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் தையல்காரி யாருடைய பேன்ட்டுக்கோ ஜிப் வைத்துக்கொண்டிருந்தாள். பிஸ்கட்டக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அதிகாரி கேட்கிற கையெழுத்தையும் மூன்று வருஷ நிறுத்தத்தையும் பற்றிச் சொன்னாள். மெஷின் நின்றது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தையல்காரிக்கு சர்க்கரை. அது கண்ணில் இறங்கியிருந்தது. பார்வைக்கு நடுவில் ஒரு கரும்புள்ளி, ஊசியின் காதைச் சரியாக அந்தப் புள்ளி விழுங்கிவிடும். புதுக் கார்டு வந்த பிறகுதான் அதற்கு வைத்தியம். கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவார்கள், மாதத்துக்கு ஒன்று. நான்கு போட்டாகிவிட்டது, புள்ளி சிறுத்துக்கொண்டு வந்தது. ஆறும் முடிந்தால் நிலைத்துவிடும், நடுவில் விட்டால் போட்டதும் வீண் என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். கார்டு இல்லாமல் அந்த ஊசியின் விலையைக் கேட்டாலே கண் இருட்டும்.

"பாப்பா..." என்று ஆரம்பித்தார் வேன்காரர். நாற்பத்தைந்து வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான். டிவியைத் தேடினார். அது கூடத்தில் இருந்தது.

"நான் வர்றேன் அண்ணி" என்றாள் தையல்காரி. "வர மாட்டேன்னா சொல்றேன்? வர்றேன்." பேன்ட்டைத் திருப்பித் திருப்பி மடித்தாள். "இன்னும் ரெண்டே ஊசி. அது முடிஞ்சதும் மறுநாளே வந்து, எங்க கையெழுத்துப் போடச் சொல்றாங்களோ அங்க போடறேன். எனக்கு இந்தக் கண்ணு போச்சுன்னா வேற என்ன இருக்கு?"

கேட்டது நியாயம். கேட்கக் கூடாத நேரத்தில் கேட்ட நியாயம். அண்ணி ஒரு வார்த்தை, 'சீக்கிரம்னு சொன்னாங்க' என்று ஒரே ஒரு வார்த்தை, சொல்லியிருந்தால் தையல்காரி அப்போதே செருப்பை மாட்டியிருப்பாள். பிற்பாடு அவளே அழுதுகொண்டு சொன்னது இது. அண்ணி சொல்லவில்லை. கார்டை இரவல் கொடுத்த அதே கை, இப்போது நாளையும் இரவல் கொடுத்தது.

"அடிப் போடி. இத்தனை மாசம் இருந்தது ரெண்டு மாசம் இருக்காதா? அதுக்குக் கால் முளைச்சா ஓடிடப் போகுது? நீ கண்ணைப் பாரு."

"வலிக்குதா அண்ணி?"

"உன் அண்ணன் குறட்டையை விடவா?"

வேன்காரர் ஏதோ சொல்ல வந்தார். "நீங்க எதையும் கேக்கலை" என்று பெண்டாட்டி சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த இரண்டு மாதமும் அவள் வீட்டோடு கிடந்தாள். திரையை இழுத்துவிட்டிருந்தது. சூப்பர்வைசர் மறுபடி ஆப்பிளோடு வந்தார், இந்தத் தடவை எல்லாம் தெரிந்து. கதவருகிலேயே நின்றார். அவள் முனகவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லா இருக்கேன் சார், உட்காருங்க" என்றாள். நல்லா இருக்கேன் என்றதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆப்பிளை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். பிஸ்கட் பை நின்றுவிட்டதால் தெரு தன் மரியாதையை அளந்துகொள்ள வழியில்லாமல் தவித்தது. விஷயம் கசிந்தது அப்போதுதான். அத்தனை வருஷம் தங்களை ஏமாற்றிவிட்டாள் என்று கோடி வீட்டு மாமியார் கோபித்துக்கொண்டார். மருமகள், "இப்படி ஒரு அண்ணி எனக்கு வாய்க்கலையே" என்றாள். அந்த வீட்டில் பேச்சு மறுபடி தொடங்கியது அந்தச் சண்டையில்தான்.

ஆறாவது ஊசி போட்ட மறுநாள், ஒரு கண்ணில் கட்டோடு, தையல்காரி விசாரணைப் பிரிவுக்குப் போனாள். சொன்ன சொல் தவறவில்லை. எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். ஸ்கேனில் படுத்தாள். இல்லை என்று எழுதினார்கள். அவள் கார்டை மேஜையின் அந்தப் பக்கம் வாங்கி வைத்தார்கள். அதிகாரி பேனா மூடியைப் பார்த்துக்கொண்டே, "முன்னாடியே வந்திருக்கலாமேம்மா" என்றார். கட்டு இல்லாத கண்ணால் அவள் அவரைப் பார்த்தாள்.

பிஸ்கட்டக்காவின் கோப்பில் கர்ப்பப்பை திரும்ப வைக்கப்பட்டது. உடனே கட்டில் கிடைத்தது, மருந்து கிடைத்தது, எல்லா மரியாதையும் கிடைத்தது. அதே சின்ன டாக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எப்ப டாக்டர் எடுப்பீங்க?" என்று கேட்டாள் பிஸ்கட்டக்கா.

"எடுக்க முடியாதும்மா."

"ஏன், மறுபடி கோப்புல இல்லைன்னு வந்துடுச்சா?"

டாக்டர் சிரிக்கவில்லை. சுற்றியிருக்கிற இடத்துக்கெல்லாம் பரவிவிட்டது, கத்தி வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது, கதிர்வீச்சு வைத்து வலியைக் குறைக்கலாம், நாளைக் கொஞ்சம் நீட்டலாம் என்றாள். வருஷா வருஷம் வருகிற பரிசோதனைக்கு வந்திருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே சுரண்டி எடுத்து அனுப்பியிருப்போம் என்று சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். மிச்சப் பாதியை ரொட்டிக்கடை வாசலில் பிஸ்கட்டக்கா முன்பே பார்த்திருந்தாள்.

கதிர் வைத்து முடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் பாதியாகியிருந்தாள். ஆனாலும் ஒருநாள் காலை கம்பெனிக் கோட்டை எடுத்துக்கொண்டு மெல்ல நடந்து பின்னறைக்கு வந்தாள்.

"இதை ரெண்டு பக்கமும் பிடிச்சுக் குடு. தொங்குது. வேலைக்குப் போனா எல்லாரும் சிரிப்பாங்க."

வேலைக்குப் போகப் போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். தையல்காரி அளவு நாடாவை எடுத்தாள். அண்ணியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். நாடாவில் விழுந்த எண்ணை வழக்கம்போல் யாருக்கும் சொல்லவில்லை, அண்ணிக்கும் சொல்லவில்லை. முகத்தை மட்டும் மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்போது பிஸ்கட்டக்காவின் போன் கிணுகிணுத்தது.

"பாரு, யாருன்னு. என் கண்ணாடி அங்க இருக்கு."

தையல்காரி எடுத்துப் பார்த்தாள். பார்த்தவள் வாசிக்கவில்லை.

"என்னடி?"

"ஒண்ணுமில்லை அண்ணி. ஏதோ விளம்பரம்."

"பொய் சொல்ல உனக்கு எப்பவும் வராது. பொறந்த தேதியைக் கூட ரெண்டு தடவை உளறினவ நீ. வாசி."

தையல்காரி வாசித்தாள். குரல் நூல் அறுந்த மாதிரி விட்டு விட்டு வந்தது. "முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான... கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு... தங்களை அன்புடன் அழைக்கிறோம். முளையிலேயே..." போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கோப்பு திருந்திவிட்டது. கோப்பில் கர்ப்பப்பை வந்ததும் அழைப்பும் தானாக வந்துவிட்டது. இயந்திரத்தின் மேல் ஒரு பிழையும் இல்லை.

பிஸ்கட்டக்கா பின்னறைக் கதவு வழியே வாசல் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். வெளியே பெண்கள் தலைவாரி, நல்ல செருப்பு போட்டுக்கொண்டு, கூட்டமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் போனில் தேதியைச் சரிபார்த்தார். மாமியாருக்கு மருமகள் குடை பிடித்தாள்.

"அவங்ககிட்ட போய்ச் சொல்லு" என்றாள். "எனக்கும் வந்துடுச்சுன்னு சொல்லு. இனிமே எந்தச் சிறுக்கியும் எனக்கு மட்டும் வரலைன்னு பேசக் கூடாது."

தையல்காரி எழுந்திருக்கவில்லை. வெள்ளை நூலை எடுத்து நுனியை உதட்டில் ஈரமாக்கி, ஊசியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நூல் ஒரே தடவையில் காதுக்குள் நுழைந்தது. இப்போதைக்கு நுழைகிறது. அவள் ஊசியை அப்படியே உயரத்தில் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"தைக்கலையா?" என்றாள் அண்ணி.

"தைக்கிறேன் அண்ணி" என்று கோட்டை மடியில் இழுத்துக்கொண்டாள்.